டையோடு போடாத பெட்டியை நாம் ஏன் வாங்க வேண்டும்?

மின்னணுத் தராசு, பில் போடும் மிஷின், தொட்டி நிரம்பியதும் தானே நிற்கும் மோட்டார் பெட்டி, ஸ்டெபிலைசர் என்று இன்று நம் ஐயம்பேட்டைக் கடைகளில் எத்தனையோ சாமான்கள் வந்துவிட்டன. இவற்றில் பலவற்றின் மூளை மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லுதான். அது 5 வோல்ட்டிலோ 3.3 வோல்ட்டிலோ வேலை செய்வது. அதன் பக்கத்திலேயே 230 வோல்ட் மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற ரிலேயையும் வைத்துவிடுகிறார்கள். யானைக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டியைக் கட்டியது போலத்தான்.

பெட்டி பழுதானால் விற்றவர் சொல்லும் பதில் ஒன்றே: "உங்க ஊர் கரண்ட் சரியில்லை, அண்ணாச்சி." மின்வாரியத்தின் மேல் பழி போடுவது சுலபம். எல்லாப் பழுதும் கம்பத்திலிருந்து வருவதில்லை, பல நேரம் பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது.

ரிலேக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். அதில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று வெட்டினால், சரக்கு வண்டியில் சட்டென்று பிரேக் போட்டதும் மூட்டைகள் முன்னே சரிவது போல, சுருளில் தேங்கிய சக்தி எதிர் அழுத்தமாகப் பாய்கிறது. 12 வோல்ட் ரிலேயில் கூட அந்தக் கண நேரத்தில் சில நூறு வோல்ட் எழும்பும். முதல் அடி ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டருக்கு, அடுத்தது சில்லுக்கு. சில்லு எரியாமல் குழம்பிப் போய் நின்றுவிடுவதும் உண்டு. இது ஒன்றும் புது ரகசியமில்லை. ஜோசப் ஹென்றி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1832-லேயே எழுதிவைத்த விஷயம்.

இதற்கு மருந்து, சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே போடும் ஒரு டையோடு. 1என்4007 என்று கேட்டால் எந்த ரேடியோ கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதை மிச்சம் பிடித்துப் பெட்டி செய்பவர்கள் இருக்கிறார்கள்!

சுருளைக் காப்பது பாதி வேலைதான். மோட்டாரையோ கம்ப்ரசரையோ நிறுத்தும்போது ரிலேயின் முனைகளில் பொறி பறக்கிறது. அந்த அதிர்வு ஒயர் வழியே போய்ப் பக்கத்திலுள்ள தராசையும் கெடுக்கும். அங்கே டையோடு உதவாது. 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் சேர்ந்த ஸ்னப்பர் போட வேண்டும். லைனுக்கு 275 வோல்ட் வேரிஸ்டரும் போட்டால் நல்லது. இவையெல்லாம் 230 வோல்ட் வேலை, தெரிந்த எலக்ட்ரீஷியனிடம்தான் விட வேண்டும்.

தராசு கெட்டால் செலவு ரிப்பேரோடு நிற்பதில்லை. முத்திரையை உடைத்துப் பழுது பார்த்தால், மறுபடி முத்திரை ஆய்வாளரிடம் சரிபார்த்து முத்திரை பெறும்வரை அதில் ஒரு கிராம் கூட எடை போட்டு விற்கக்கூடாது. மளிகைக்காரர் வேறு தராசை இரவல் வாங்கிச் சமாளிப்பார். பட்டும் ஜரிகையும் கிராம் கணக்கில் நிறுப்பவர் என்ன செய்வார்? நெசவாளி நம்பி வருவது அந்த எண்ணைத்தானே.

ஆகவே பெட்டி வாங்கும்போது மூடியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும் என்பதே நம் கருத்து. திறக்க மறுத்தால் வேண்டாமென்று வந்துவிடலாம். உத்தரவாதம் எழுதிய ரசீதும் கேளுங்கள். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபார நோக்கத்துக்கு வாங்கிய பொருளை விலக்கினாலும், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கியவருக்கு வழி விட்டிருக்கிறது. ரசீது இல்லாமல் அந்த வழியில் போவது கடினம். நம் சங்கமும் வருடம் ஒரு முறை நல்ல மெக்கானிக்கை அழைத்துக் கடை கடையாகப் பார்க்க ஏற்பாடு செய்யலாம்.

பழைய பெட்டியில் புதிதாக டையோடு போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடு போட்ட முனை சுருளின் பிளஸ் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டால் ரிலே போட்ட மாத்திரத்தில் டிரான்சிஸ்டர் எரிந்துவிடும்.