கவுண்டி நீதிமன்ற ஏடுகள்: கேட்பவருக்கே திறக்கும் கதவு

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் எம்மவரிற் பலர் நீதிமன்றம் என்ற சொல்லையே அச்சத்துடன் நோக்குகின்றனர். வழக்கு என்பது குடும்ப மானத்தோடு பிணைந்தது, அதன் ஏடுகள் மறைக்கப்பட வேண்டியவை என்ற எண்ணம் எம்முடன் கடல் கடந்து வந்துவிட்டது. ஆயின் நாம் வந்து சேர்ந்த நாட்டின் சட்டமரபு இதற்கு நேரெதிரானது. நீதிமன்ற ஏடுகளைப் பார்வையிடவும் பிரதி எடுக்கவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978ஆம் ஆண்டில் நிக்சன் எதிர் வோர்னர் கொமியூனிகேசன்ஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. இவ்வுரிமை வரம்பற்றதன்று. ஆனால் அதனைக் கோருபவர் வழக்கின் தரப்பினராக இருக்க வேண்டியதில்லை என்பதே அந்நாட்டின் பொதுவான மரபாகும்.

உரிமை ஏட்டில் இருக்கின்றது. அதனைக் கையில் எடுக்கும் வழிதான் எம்மிற் பலருக்குத் தெரிவதில்லை. பெருநகரங்களில் இக்குறை அவ்வளவாகத் தெரியாது. சிறிய கவுண்டிகளில்தான் அது பெருந்தடையாக எழுந்து நிற்கின்றது.

அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவின் அல்பைன் கவுண்டியில் 1,204 பேரும், டெக்சாஸின் லவிங் கவுண்டியில் 64 பேருமே வாழ்ந்தனர். மக்கள்தொகை எண்ணாயிரத்துக்குக் குறைந்த கவுண்டிகளில், மாவட்ட நீதிமன்றம், கவுண்டி ஆகிய இரண்டின் பதிவாளர் பணியையும் ஒருவரே ஆற்றுவதற்கு டெக்சாஸ் மாநில அரசமைப்பு இடமளிக்கின்றது. இத்தகைய இடங்களில் பழைய ஏடுகள் கணினியில் ஏறாமல் பெட்டிகளிலும் பேரேடுகளிலும் கிடக்கலாம். இணையத்தில் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்பதால் வழக்கே இல்லை என்று முடிவு செய்வது பெருந்தவறு. கூட்டாட்சி நீதிமன்றங்களின் ஆவணங்களைத் தரும் பேசர் என்னும் இணையச் சேவையில் கவுண்டி நீதிமன்றங்களின் ஏடுகள் இரா என்பதையும் பலர் அறியார்.

இவை எமக்கு ஏன் வேண்டும் எனச் சிலர் வினவக்கூடும். வேலைக்காகவோ பயணத்திலோ எங்கோ ஒரு சிறிய கவுண்டியைக் கடந்தபோது கைது செய்யப்பட்டு, பின்னர் வழக்குத் தள்ளுபடியான ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளின் பின் அவர் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தை நிரப்புகையில், அவ்வழக்கு எவ்வாறு முடிந்தது என்பதைக் காட்டும் சான்றுறுதி செய்யப்பட்ட நீதிமன்றப் பிரதியைக் குடிவரவுத் திணைக்களம் கேட்கும். வழக்கு முத்திரையிட்டு மறைக்கப்பட்டிருந்தாலும் அதனைத் தெரிவிக்குமாறே அவ்விண்ணப்பம் கோருகின்றது. ஏடு அழிக்கப்பட்டுவிட்டதெனில், ஏடு இல்லை என்று நீதிமன்றமே எழுதித் தரும் கடிதத்தைப் பெறவேண்டும். ஒரு தாளுக்காகப் பல ஆண்டுக் காத்திருப்பு மேலும் நீள்வது எத்துணைக் கொடுமை!

மறுமணம் செய்ய விழைபவருக்கு முன்னைய மணமுறிவுத் தீர்ப்பின் பிரதி தேவைப்படும். வாடகை வீட்டுக்கோ வேலைக்கோ விண்ணப்பித்தவரின் பின்னணியை ஆராயும் நிறுவனம், அதே பெயருடைய இன்னொருவரின் வழக்கை அவர்மீது ஏற்றிவிடலாம். அப்பிழையை மறுத்துத் திருத்தக் கோரும் உரிமையை 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வழங்குகின்றது. ஆயினும் நீதிமன்ற ஏடு கையில் இருந்தாலே மறுப்பு வலுப்பெறும். தாயகத்திலிருந்து மகளை அமெரிக்க மாப்பிள்ளைக்கு மணமுடித்துக் கொடுக்கும் பெற்றோரையும் எண்ணிப் பாருங்கள். அவருக்கு முன்னர் மணமுறிவோ வன்முறை வழக்கோ இருந்ததா என்பதைப் பல மாநிலங்களில் பொது ஏட்டிலேயே காணலாம். நியூயோர்க் போன்ற மாநிலத்தில் மணமுறிவுக் கோப்புகளைத் தரப்பினரும் அவர்தம் சட்டத்தரணிகளும் மட்டுமே பார்க்க இயலும். எனவே ஒரு மாநிலத்தின் வழமையை மற்றொன்றுக்குப் பொருத்தலாகாது.

முதலில் அறியவேண்டியது, ஏடு எந்த நீதிமன்றத்தில் உள்ளது என்பதே. டெக்சாஸில் நெடுஞ்சாலையில் பெறும் வேகமீறல் வழக்கு பெரும்பாலும் அமைதி நீதவானின் மன்றத்துக்குச் செல்லும். நகரக் காவலர் தந்ததாயின் நகர மன்றத்துக்குச் செல்லும். கவுண்டிப் பதிவாளரிடம் கேட்டால் இல்லை என்ற விடையே வரும். நியூயோர்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர் மன்றங்கள் தத்தம் ஏடுகளைத் தாமே வைத்திருக்கின்றன. வழக்கு அழைப்பாணையில் எந்த மன்றத்தின் பெயர் உள்ளதோ அங்குதான் தேடலைத் தொடங்கவேண்டும்.

அடுத்தது எமக்கே உரிய இடர்ப்பாடு: பெயர். குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாத எம்மவரின் தந்தை பெயர் ஓரிடத்தில் முதற்பெயராகவும் இன்னோரிடத்தில் கடைசிப் பெயராகவும் பதியப்படுகின்றது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் உடையோருக்கு அமெரிக்க நுழைவிசைவில் முதற்பெயர் அறியப்படவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து இடப்படுகின்றது. அதுவே ஒருவரின் பெயராக ஏனைய பதிவுகளிலும் ஏறிவிடுவதுண்டு. நீதிமன்றப் பெயர்ச்சுட்டியோ ஆங்கில எழுத்துவரிசையில் கடைசிப் பெயரைக் கொண்டே அமைந்தது. ஆகவே இரு பெயர்களையும் மாற்றி மாற்றியும், வழக்கிலுள்ள எழுத்துக்கூட்டல்கள் அனைத்தையும் குறித்தும் தேடுமாறு கேட்கவேண்டும். வழக்கிலக்கம் தெரிந்திருப்பின் இவ்வல்லல் பெரிதும் குறையும்.

கோரிக்கைக் கடிதம் சுருக்கமாக இருத்தல் நன்று. தரப்பினரின் பெயர்கள், பிறந்த தேதி, வழக்கு நடந்த ஆண்டு, வழக்கிலக்கம், வேண்டிய ஆவணம், அது சாதாரணப் பிரதியா சான்றுறுதி செய்யப்பட்டதா என்பன போதும். 'எல்லாவற்றையும் அனுப்புங்கள்' என்று எழுதினால் தாமதமும் செலவுமே மிஞ்சும். முதலில் நடவடிக்கைக் குறிப்பேட்டின் பிரதியைப் பெற்று, அதிலிருந்து தேவையான ஆவணத்தைத் தெரிந்து கேட்பதே சிக்கனமான வழி. கலிபோர்னியாவில் பக்கமொன்றுக்கு 50 சதம், பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட தேடலுக்கு 15 டொலர், சான்றுறுதிக்கு 40 டொலர் என மாநிலச் சட்டம் கட்டணத்தை வகுத்துள்ளது. பிற மாநிலங்களில் இது வேறுபடும். தொலைபேசியில் கட்டணத்தையும் செலுத்தும் முறையையும் உசாவியபின், முகவரி எழுதி முத்திரை ஒட்டிய கடிதவுறையையும் இணைத்து அனுப்புவது சிறிய அலுவலகங்களில் நல்ல பயன் தரும். 1966ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்தை இங்கு மேற்கோள் காட்டுவதில் பயனில்லை. அது கூட்டாட்சி நிர்வாகத் துறைக்கு உரியதேயன்றி நீதிமன்றங்களுக்கு உரியதன்று. பதிவாளர் சட்ட ஆலோசனை வழங்க முடியாது என்பதையும் மனங்கொள்ள வேண்டும். ஆவணத்தைத் தருவதே அவர் கடமை. அதன் பொருளை விளக்குவது சட்டத்தரணியின் பணி.

அப்படியாயின் அனைத்தையும் இணையத்தில் ஏற்றிவிடலாமே என்பர் சிலர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. நாடெங்கும் நீதிமன்றங்களிற் சிதறிக் கிடக்கும் ஏடுகளுக்கும், அவற்றை ஒரே கணினியில் திரட்டி வைப்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டென 1989ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. வன்முறைக்கு அஞ்சிப் பாதுகாப்பு ஆணை கோரிய பெண்ணின் வாக்குமூலம் எவருடைய பொழுதுபோக்குக்கும் உரியதன்று. குடும்ப வழக்கு, குற்றவியல் வழக்கு முதலியவற்றின் ஆவணங்களைப் பொதுமக்கள் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வந்தே பார்க்கவேண்டும் என்று கலிபோர்னியா விதிகள் கூறுவது இக்காரணம் பற்றியே. நாம் கோருவது வேறு. கேட்பவருக்கு விடை கிடைக்கவேண்டும். தபாலிற் கேட்டாலும் ஏற்கவேண்டும். கட்டணம் வெளிப்படையாக அறிவிக்கப்படவேண்டும். மறுப்பதாயின் எழுத்திற் காரணம் கூறவேண்டும். ஆயிரம் மைலுக்கு அப்பால் வாழும் குடிவரவாளருக்கு இவை நான்கும் இல்லையேல் திறந்த நீதிமன்றம் என்பது வெறும் அலங்காரச் சொல்லே.

இங்குதான் எமது சங்கங்களின் பொறுப்பு எழுகின்றது. பொங்கலும் கலைவிழாவும் எமது அடையாளத்தைக் காப்பன, அவை தொடரட்டும். அவற்றோடு, தத்தம் மாநிலத்தின் கவுண்டி நீதிமன்றங்களுடைய முகவரி, கட்டணம், கோரிக்கைப் படிவம் ஆகியவற்றைத் திரட்டித் தமிழில் வெளியிடுவது பெருஞ்செலவான பணியன்று. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்கும் முதியவருக்கும், தனித்து நிற்கும் பெண்ணுக்கும் ஓரிரு தொண்டர்கள் துணைநின்றாலே போதும். பல மாநிலங்களில் நீதிமன்றப் பதிவாளர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். வாக்குரிமை பெற்ற எம்மவர் தேர்தற் காலத்தில் அவரிடம் இக்கேள்விகளை எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும்.

ஏடுகளைக் கேட்பது எவரையும் ஐயுறுவதாகாது. குடும்ப மானத்தைக் குலைப்பதுமாகாது. அது இந்நாட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் உரிய சாதாரண உரிமை. எம்மவரின் பெயர்களும் அவ்வேடுகளில் உள்ளன. அவை பிழையாக எழுதப்பட்டிருக்கின்றனவா, சரியாக முடித்து வைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை, இன்னொருவர் எமக்குச் சொல்லும்வரை காத்திராமல், நாமே கேட்டறியப் பழகுவோம்.