வயிற்றைத் திறந்து பார்க்கும் வித்தை

கம்ப்யூட்டர் ப்ரோகிராமர் என்றதும் வெளியாருக்குத் தோன்றும் சித்திரம், கீபோர்டை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு கண்ணாடி இளைஞன். நிஜத்தில் அவனது பொழுது தட்டுவதில் கழிவதைவிட, வேறு யாரோ எழுதி வைத்துவிட்டுப் போனதைப் படிப்பதிலும், அது ஓடும்போது உள்ளே என்னதான் நடக்கிறது என்று துருவுவதிலும் கழிவதே அதிகம். இந்தியக் கம்பெனிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990-களின் கடைசியில் ஒய்-டூ-கே பீதி பரவியபோது, அயல்நாட்டு நிறுவனங்களின் புராதன கோபால் ப்ரோகிராம்களை வரிவரியாகப் படித்து, இரண்டு இலக்க வருடங்களைத் தேடிப் பிடித்த வேலைதான் இங்கே பலருக்குச் சோறு போட்டது.

இப்படித் துருவுவதற்கென்றே ஒரு கருவி உண்டு. பெயர் இன்ஸ்பெக்டர். (காக்கிச் சட்டைக்குச் சம்பந்தமில்லை.) அதன் பூர்வீகம் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ. 1970-களில் அங்கே ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பெர்க் ஆகியோரின் குழு ஸ்மால்டாக் என்ற மொழியை உருவாக்கியது. அதில் எல்லாமே ஆப்ஜெக்ட்: தகவலையும், அதைக் கையாளும் விதிகளையும் ஒன்றாகக் கட்டிய பொட்டலம். ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமில் எந்தப் பொட்டலத்தையும் சுட்டிக்காட்டி ‘சோதி’ என்றால் ஒரு விண்டோ திறக்கும். இடது பக்கம் உறுப்புகளின் பெயர்கள், வலது பக்கம் அவற்றின் மதிப்புகள். அங்கேயே மதிப்பை மாற்றவும் செய்யலாம். ஓடும் வண்டியில் டயர் மாற்றுகிற சமாசாரம்.

சிக்கல், இன்ஸ்பெக்டர் எதைக் காட்டுகிறது என்பதில் இருக்கிறது. ஸ்மால்டாக்கின் வாரிசுகளில் ஒன்று, பிரான்ஸை மையமாகக் கொண்டு வளர்ந்த பாரோ. அதில் 1947 ஆகஸ்ட் 15, இந்திய நேரம் நள்ளிரவு 12 மணி என்ற கணத்தை ஒரு ஆப்ஜெக்டாக்கி, அதன் வயிற்றைத் திறந்து பாருங்கள். ஆகஸ்டும் இருக்காது, 1947-ம் இருக்காது. நாள் எண் 2432412, விநாடி 66600 என்று இருக்கும். வானவியலாளர்கள் கி.மு. 4713-லிருந்து எண்ணிவரும் நாள் கணக்கு அது. நேரம் கிரீன்விச்சுடையது, ஐந்தரை மணி வித்தியாசம் தனியாகக் குறித்து வைக்கப்பட்டிருக்கும். ஆக, இந்தியாவின் சுதந்திரம் உள்ளே ஆகஸ்ட் 14 மாலை ஆறரை மணிக்கே வந்துவிடுகிறது! சிவப்பு நிறத்தைத் திறந்தால் இன்னும் விசேஷம். 1072693248 என்று ஒரே ஒரு எண். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவுகளையும் அதில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மெஷினுக்கு இது சௌகரியம். இரண்டு தேதிகளைக் கழிக்க நாள் எண்ணைவிட எளிதான வழி கிடையாது. ஆனால் பிழையைத் தேடும் மனிதனுக்கு இதைக் காட்டுவது, எக்ஸ்ரே படத்தை நீட்டி ‘இவர்தான் மாப்பிள்ளை’ என்று சொல்வது மாதிரி. படத்தில் பொய் எதுவும் இல்லை. முகம்தான் தெரியவில்லை.

பழைய பரிகாரம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரக ஆப்ஜெக்டும் தன்னைப் பற்றி ஒரு வரியில் சொல்லிக்கொள்ள ஸ்மால்டாக் இடம் தந்தது. தேதி அந்த வரியில் ஒழுங்காகத் தேதியாகவே தெரியும். ஒரு படத்தையோ, இருபது வருடக் கடன் கணக்கையோ ஒரு வரியில் என்ன சொல்ல?

1995-ல் போர்லாண்ட் கம்பெனி வெளியிட்ட டெல்ஃபியில் ‘ஆப்ஜெக்ட் இன்ஸ்பெக்டர்’ என்ற பெயரே பிரபலமாயிற்று. அதன் வேலை கொஞ்சம் வேறு. ப்ரோகிராமை வடிவமைக்கும்போதே பட்டனின் நிறம், எழுத்து, அளவை மாற்றும் ஜன்னல் அது. ஆனால் அதில் ஒரு தாராளம் இருந்தது. தன் சொந்த உறுப்புக்குத் தானே ஒரு எடிட்டரை எழுதி, அந்த ஜன்னலுக்குள் பதிவு செய்துவிடலாம். தாராளத்துக்கு விலையும் உண்டு. வெளியார் எழுதிய எடிட்டரும் டெல்ஃபிக்கு உள்ளேயே ஓடியதால், அது தடுக்கி விழுந்தால் வீட்டுக்காரரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது.

பாரோவில் 2015 வாக்கில் வந்த மாற்றம்தான் பெரியது. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்த்ரே கிஷ், டூடோர் கிர்பா முதலானோர், இன்ஸ்பெக்டரைக் களிமண் மாதிரி வனையத் தக்கதாக்கினார்கள். வழி ரொம்ப எளிது. ஆப்ஜெக்டின் வரையறையிலேயே ஒரு சின்ன மெதட் எழுதி, அதன் தலையில் ‘இது ஒரு பார்வை’ என்று ஒரு குறி போட்டுவிட வேண்டும். இன்ஸ்பெக்டர் அந்தக் குறிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வைத்துக் காட்டும். பத்து வரிகளுக்குள் வேலை முடிந்துவிடுவது சகஜம். கடன் கணக்கைத் திறந்தால் முதல் பக்கத்தில் மாதத் தவணை அட்டவணை. அடுத்ததில் பாக்கி இறங்குவதைக் காட்டும் கோடு. நிறத்தைத் திறந்தால் நிறம். பார்வை ஆப்ஜெக்டோடு ஒட்டியே இருப்பதால், எழுதியவர் வேறு கம்பெனிக்குத் தாவிய பிறகும் அடுத்து வருகிறவருக்கு அது கிடைக்கும். கைமாறிக் கைமாறி வேலை நடக்கும் இடங்களில் இது சாதாரண விஷயமல்ல.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. சி++ காரர்கள் பயன்படுத்தும் ஜிடிபி என்ற பிழைதேடி, 2009-லிருந்து பைத்தான் மொழியில் இத்தகைய பார்வைகளை எழுத அனுமதிக்கிறது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோவுக்கு இதற்கென ஒரு தனி ஃபைலே உண்டு. ஜுபிட்டரில் புள்ளிவிவரத்தோடு மல்லுக்கட்டும் கல்லூரி மாணவிக்கு அட்டவணை கட்டம் கட்டமாகத் தெரிவதும் இதே சூட்சுமத்தால்தான். பாண்டாஸ் அட்டவணை தன்னை எப்படிக் காட்டவேண்டும் என்பதைத் தானே சொல்லிவிடுகிறது.

இருந்தும் பெரும்பாலான ஆபீஸ்களில் இதற்கு மரியாதை இல்லை. வாடிக்கையாளரின் பில்லில் ‘பார்வை எழுதியது, அரை மணி’ என்று போட முடியாது. அதனால் அதே எண் குவியலை ஐந்து பேர் ஐந்து தடவை, ஆளுக்கொரு காகிதத்தில் கணக்குப் போட்டு, மனதுக்குள் தேதியாக மாற்றிக்கொள்கிறார்கள். அந்த நேரம் மட்டும் கேள்வியில்லாமல் பில்லில் ஏறிவிடுகிறது.

சொந்தப் பார்வை எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்றும் இருக்கிறது. பார்வையும் ஒரு ப்ரோகிராம்தான், பொய் சொல்லும். தொகையைப் பைசா நீக்கி அழகாகக் காட்டினால், பைசாவில் ஒளிந்திருக்கும் பிழை தப்பிவிடும். இன்னும் மோசம், காட்டுவதற்காக எதையோ கணக்கிடப் போய், அந்தக் கணக்கே ஆப்ஜெக்டின் காலியாக இருந்த உறுப்பை நிரப்பிவிடுவது. இன்ஸ்பெக்டரைத் திறந்தால் பிழை இல்லை. மூடிவிட்டு ஓட்டினால் திரும்ப வந்து நிற்கும். இதில் இரண்டு நாள் தொலைத்தவர்கள் உண்டு. பாரோவில் எத்தனை அலங்காரப் பார்வைகள் சேர்த்தாலும், பச்சையான உறுப்புப் பட்டியலுக்கு ஒரு பக்கம் எப்போதும் இருக்கும். சந்தேகம் வந்தால் அதை க்ளிக் செய்யலாம். அங்கே சுதந்திரம் இன்னமும் ஆகஸ்ட் 14 மாலை ஆறரைக்குத்தான்.