கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பாள்

இந்த விடயத்தை எழுதுவதா விடுவதா என்று பல நாட்களாக யோசித்தேன். நான்கு தசாப்தங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். தேர்தல்களையும் வரவு செலவுத் திட்டங்களையும் போரையும் பற்றி எழுதினேன். பிரசவ விடுதியைப் பற்றி எழுதும்படி எந்த ஆசிரியரும் என்னைப் பணித்ததில்லை. 'ஆம்பிளையளுக்கு உதுக்குள்ள என்ன வேலை?' என்று என் மனைவியே கேட்டாள். அவள் கேட்டது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால், எழுத வேண்டியவர்கள் எவரும் எழுதாதிருக்கின்ற ஒரு விடயம் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பின்னர், நான் வாய் மூடியிருப்பது எந்த வகையிலும் பொருந்தாது.

வந்தவள் என் பெறாமகள். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவளுடைய முதற் பிரசவம் மருத்துவ மாணவர்கள் பயிலும் பெரிய வைத்தியசாலை ஒன்றில் நடந்தது. எந்த வைத்தியசாலை என்று எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் மற்ற வைத்தியசாலைகள் எல்லாம் நிம்மதியாக மூச்சு விடும். குழந்தை நலம், தாயும் நலம். ஆகவே வீட்டில் அனைவரும் கோயிலுக்கு நேர்த்தி வைத்ததை நிறைவேற்றிவிட்டு அதை மறந்து விட்டோம். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்த காலத்தில்தான், அரசாங்க வைத்தியசாலைக்குப் போக மாட்டேன், கடன் பட்டாயினும் தனியாரிடம் போவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். காரணம் கேட்டபோது பேசாதிருந்தவள், பின்னொரு மாலை விறாந்தையில் என்னுடன் தனியே இருக்கையில் சொன்னாள்.

வலி உச்சத்தில் இருந்த வேளை பேராசிரியர் ஒருவர் மாணவர்கள் சூழ வந்தார். அவர் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார். பிறகு ஒருவர் பின் ஒருவராக உட்பரிசோதனை செய்தார்கள். ஐந்து பேர் வரை எண்ணியதாகவும் அதன் பின் எண்ணுவதை விட்டுவிட்டதாகவும் சொன்னாள். எவரும் தம் பெயரைச் சொல்லவில்லை, அவள் பெயரையும் கேட்கவில்லை. 'படிக்கிற பிள்ளையள்தானே சித்தப்பா. கேட்டிருந்தால் நான் ஓமெண்டு சொல்லியிருப்பன். ஒருத்தரும் கேக்கேல்லை' என்றாள்.

அந்தக் கடைசி வசனந்தான் என்னை எழுத வைக்கின்றது.

எனது பாடசாலைத் தோழர் ஒருவர் மருத்துவ பீடமொன்றில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மகப்பேற்றியல் பெண்நோயியல் துறை அவருடையது அன்று, ஆயினும் அத்துறையைக் கிட்ட நின்று அறிந்தவர். அவரிடம் இதைச் சொன்னபோது, 'ஒவ்வொருத்தரிட்டையும் கேட்டுக்கொண்டு நிண்டால் பிள்ளையள் எப்ப படிக்கிறது? நாளைக்கு உம்மட பேத்திக்குப் பிரசவம் பாக்கிற டொக்டர் ஆரிட்டப் பழகினவராயிருக்க வேணும் எண்டு நினைக்கிறீர்?' என்று கேட்டார். கேள்வி வலுவானது. கருப்பை வாய் எத்தனை சென்ரிமீற்றர் விரிந்துள்ளது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியுள்ளது என்பவற்றைப் புத்தகம் சொல்லித் தராது, விரல்தான் அறிய வேண்டும். அந்த விரல் எங்கேயோ முதல் தடவை பழகித்தான் ஆக வேண்டும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தோழரே, யாரிடம் பழகுகின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? தனியார் வைத்தியசாலைக் கட்டிலில் இலட்சக்கணக்கில் பணம் கட்டிப் படுத்திருக்கும் சீமாட்டியிடம் மாணவர் குழு போவதில்லை. தோட்டத்துப் பெண்ணிடமும் மீனவன் மனைவியிடமும் எழுதுவினைஞரின் மகளிடமுந்தான் போகின்றது. இலவச வைத்தியம் என்பது நமது நாட்டின் பெருமை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1946 இல் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 1500ஐத் தாண்டியிருந்த தாய் மரணம் முப்பது என்ற அளவுக்குக் குறைந்ததற்கு இந்த அரசாங்க வைத்தியசாலைகளும் கிராமங்கள் தோறும் சென்ற மருத்துவிச்சிகளுமே காரணம். ஆனால் இலவசம் என்பதற்காக ஏழைப் பெண் தன் உடம்பால் விலை கொடுக்க வேண்டுமென்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கின்றது? ஆங்கில வைத்திய உலகில் நோயாளரைக் 'கிளினிக்கல் மெட்டீரியல்' என்று சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. மெட்டீரியலிடம் யாராவது அனுமதி கேட்பார்களா?

இது இன்று நேற்றுத் தொடங்கியதுமன்று. வியன்னா பொது வைத்தியசாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவிச்சிகள் பயின்றார்கள். 1846 ஆம் ஆண்டில் மாணவர் விடுதியில் 4010 பிரசவங்களில் 459 தாய்மார் இறந்தனர். மருத்துவிச்சிகளின் விடுதியில் 3754 பிரசவங்களில் 105 பேர் இறந்தனர். முதலாவது விடுதியில் தம்மைச் சேர்க்க வேண்டாமென்று ஏழைக் கர்ப்பிணிகள் முழந்தாளிட்டு மன்றாடினார்கள். பேராசிரியர்களுக்குத் தெரியாதது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர் 1847 இல் காரணத்தைக் கண்டார். பிணங்களை அறுத்துப் பார்த்த கைகளுடனேயே மாணவர்கள் நேரே பிரசவ விடுதிக்கு வந்து, ஒருவர் பின் ஒருவராகப் பெண்களைப் பரிசோதித்தார்கள். குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தவுடன் மரணங்கள் சடுதியாகக் குறைந்தன. செம்மல்வைஸின் கதையைக் கை கழுவுதலின் கதையாகவே எல்லோரும் சொல்கின்றார்கள். மன்றாடிய பெண்களின் பேச்சை ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்பது அதன் மற்றப் பாதி.

கை இப்போது சுத்தமாகிவிட்டதே என்று சொல்லக்கூடும். கையுறையும் வந்துவிட்டதுதான். இருந்தபோதிலும், பிரசவ வேளையில் பலர் அடுத்தடுத்து உட்பரிசோதனை செய்வதைத் தவிர்க்க வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் தாய்மாரின் தொற்றுக்கள் பற்றிய 2015 ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் குறிப்பிட்டது. கற்பிக்கும் வைத்தியசாலைகளில் இது சாதாரணமாக நடப்பதையும் அது சுட்டிக் காட்டியது. ஆகவே இது மரியாதை பற்றிய விடயம் மாத்திரமன்று.

இப்போது ஒக்லாந்துக்கு வருகின்றேன். நியூசிலாந்தின் அந்த நகரில் இருந்த தேசிய பெண்கள் வைத்தியசாலையில் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றியல் பெண்நோயியல் பட்டப்பின் கல்விப் பிரிவு இயங்கியது. உலகப் புகழ் பெற்ற இடம். அங்கே 1966 முதல் ஹேர்பேர்ட் கிறீன் என்ற பேராசிரியர், கருப்பைக் கழுத்தில் புற்றுநோய்க்கு முந்திய நிலையில் இருந்த பெண்கள் பலருக்கு முறையான சிகிச்சை அளிக்காமல் அவதானித்து வந்தார். அது அப்பெண்களுக்குத் தெரியாது. சிலருக்குப் புற்றுநோய் முற்றியது, மரணங்களும் நிகழ்ந்தன. சக வைத்தியர்கள் சிலர் உள்ளுக்குள் எச்சரித்தார்கள், பலன் இல்லை. சாண்ட்ரா கோனி, பிலிடா பங்க்கிள் என்ற இரு பெண்கள் 1987 யூனில் 'மெட்ரோ' என்ற சஞ்சிகையில் கட்டுரை எழுதிய பிறகுதான் அரசாங்கம் அசைந்தது. ஒரு சஞ்சிகைக் கட்டுரை செய்த வேலை இது என்பதைப் பழைய பத்திரிகைக்காரன் என்ற முறையில் சற்று அழுத்தியே சொல்கின்றேன்.

விசாரணையை நடத்தியவர் சில்வியா கார்ட்ரைட் என்ற பெண் நீதிபதி. ஈழத் தமிழர்களுக்கு அப்பெயர் புதியதன்று. இலங்கை தொடர்பான ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணைக்கு ஆலோசனை வழங்க 2014 இல் நியமிக்கப்பட்ட மூவரில் அவரும் ஒருவர். 1988 இல் அவர் வெளியிட்ட அறிக்கை பேராசிரியர் கிறீனுடன் நிற்கவில்லை. அந்த வைத்தியசாலையில் மயக்கமருந்து கொடுக்கப்பட்டுச் சத்திரசிகிச்சை மேசையில் கிடந்த பெண்களிடம், அவர்களுக்குத் தெரியாமலே, மாணவர்கள் உட்பரிசோதனை பழகியதும் வெளிவந்தது. விளைவாக 1996 இல் நோயாளர் உரிமைக் கோவை நடைமுறைக்கு வந்தது. கற்பித்தலுக்கும் அந்த உரிமைகள் பொருந்தும் என்று அதில் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. அதன் பின் நியூசிலாந்தில் மகப்பேற்று வைத்தியர்கள் உருவாகாமல் போய்விட்டார்களா? என் தோழர் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கலிபோர்னியா 2003 இல் சட்டமியற்றியது, மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. 2024 ஏப்ரலில் மத்திய சுகாதாரத் திணைக்களமே ஒப்புதல் பெற வேண்டுமென்று வைத்தியசாலைகளுக்குப் பணித்தது. ஆனால் சட்டங்களைக் காட்டிலும் என்னை உலுக்கியது பிலடெல்பியாவில் ஐந்து மருத்துவக் கல்லூரிகளின் மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஓர் ஆய்வு. மகப்பேற்றியல் பெண்நோயியல் துறையில் பயிற்சி முடித்த மாணவர்கள், அப்பயிற்சிக்கு இன்னும் போகாத மாணவர்களை விட, நோயாளியிடம் அனுமதி கேட்பதைக் குறைந்த முக்கியமுடையதாகக் கருதினார்கள். தாய் தகப்பன் வளர்த்து அனுப்பிய கூச்சமும் கண்ணியமும் உள்ளே போகும்போது இருந்தன, வெளியே வரும்போது தேய்ந்திருந்தன. விரிவுரை அட்டவணையில் இல்லாத இந்தப் பாடத்தை அந்தத் துறையே கற்பித்திருக்கின்றது. எந்தப் பேராசிரியரும் 'கேளாதே' என்று சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார். அவர் கேளாததை மாணவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நம் மண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு, அது மொழி. சாமுவேல் கிறீன் (ஒக்லாந்துக் கிறீனுக்கும் இவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை) 1847 இல், செம்மல்வைஸ் வியன்னாவில் கை கழுவச் சொன்ன அதே ஆண்டில், அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு 1857 இல் மோன்செல் என்பாரின் மகப்பேற்று நூலைத் தமிழில் கொண்டு வந்தார். பின்னர் மேலைநாட்டு வைத்தியத்தையே தமிழில் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஊரை விட்டுப் போய்விடுகின்றார்கள், தமிழில் படித்தவர்கள் சனங்களுக்குள்ளே இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. இன்று மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அது வேறு விவாதம். ஆனால் தென்னிலங்கையிலிருந்து யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்கு வரும் சிங்கள மாணவனும், கண்டியில் மலையகப் பெண்ணின் கட்டிலருகே நிற்கும் மாணவியும், 'அம்மா, நான் மாணவி. உங்களைப் பரிசோதிக்கலாமா? விருப்பமில்லாவிட்டால் சொல்லுங்கள்' என்ற மூன்று வசனங்களையாவது அவளது மொழியில் சொல்லக் கற்க வேண்டாமா? தமிழ் மாணவர்களும் சிங்களத்தில் இதைக் கற்கத்தான் வேண்டும்.

கடினமான காரியம் என்கின்றார்கள். 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் மின்சாரமில்லாமல், மருந்துத் தடைக்குள், குண்டுகளுக்கு நடுவே வைத்தியர்களை உருவாக்கியது. அப்படிப்பட்ட ஆசிரியர் மரபுள்ள நாட்டில் ஒரு கேள்வி கேட்பதா கடினம்?

மாற்று வழிகளும் இல்லாமலில்லை. பொம்மை உருவங்களில் முதலில் பழகலாம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1970களில், பயிற்றப்பட்ட பெண்கள் ஊதியம் பெற்றுத் தம் உடலிலேயே பரிசோதனையைக் கற்பிக்கும் முறை உருவானது. கை எங்கே நோகின்றது என்று அவர்கள் மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நமது சமூகத்தில் அது நடக்குமா என்பது சந்தேகமே, நான் வற்புறுத்தவில்லை. நான் வற்புறுத்துவது ஒன்றுதான். இறுதிப் பரீட்சையில், கட்டிலருகே சென்று அனுமதி கேளாமல் கையுறை போடும் மாணவன், எவ்வளவு சரியாக நோயைக் கண்டறிந்தாலும், அந்தப் பரீட்சையில் சித்தியடையக் கூடாது. புள்ளி குறைத்தல் போதாது. மயக்கத்தில் இருப்பவளிடம் முதல் நாளே எழுத்தில் கேட்க வேண்டும். ஒருத்தி மாட்டேன் என்றால், அதற்காக அவளுடைய கவனிப்பில் ஒரு குறையும் வரக்கூடாது. பேராசிரியரும் மாணவர் முன்னிலையில் கேட்க வேண்டும், ஒவ்வொரு தடவையும்.

என் பெறாமகளின் இரண்டாவது குழந்தை தனியார் வைத்தியசாலையில்தான் பிறந்தது. கடன் இன்னமும் முடியவில்லை. இவற்றையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது என் தோழர் முழுமையாக இணங்கவில்லை. 'உணர்ச்சிவசப்படுறீர்' என்றார். வருகின்ற ஞாயிறு வீட்டுக்கு வந்து நேரில் வாதாடுவதாகச் சொல்லியிருக்கின்றார். அன்று அவளும் பிள்ளைகளுடன் இங்கே இருப்பாள் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.