கொடுத்தது எவ்வளவு? நிலைத்தது எவ்வளவு?

நம் தொண்டு அமைப்புகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் கல்வியும் மருத்துவமும்தான் முதல் இலக்குகள். இத்தனை நோட்டுப் புத்தகங்கள், இத்தனை மருத்துவ முகாம்கள் என்று கணக்கும் இருக்கும். கொடுத்ததால் என்ன மாறியது என்ற கணக்கைக் காண்பதுதான் அரிது. அதற்கு வங்கதேசத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது.

1970ல் புயல், 1971ல் போர். சிதைந்து கிடந்த அந்நாட்டின் சுல்லா பகுதியில் 1972ல் ஃபஸ்லே ஹசன் ஆபித் நிவாரணப் பணியாகத் தொடங்கியதே 'பிராக்' அமைப்பு. அன்று வயிற்றுப்போக்கு ஏராளமான பச்சிளங் குழந்தைகளைப் பலிகொண்டது. 1980 முதல் பத்தாண்டுகள் பிராக்கின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். இதைத் தாயின் கையாலேயே கலக்கச் செய்து கற்றுக்கொடுத்தார்கள். இப்படி ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகள்!

நாம் கவனிக்க வேண்டியது அவர்களின் ஊதிய முறை. எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்று மட்டும் பார்த்துப் பணம் தரவில்லை. பின்னர் வேறொருவர் அவற்றில் சில வீடுகளுக்குப் போய்ச் சோதிப்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பவே ஊழியருக்கு ஊதியம்.

தொடக்கத்தில் தாய்மார்கள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் குழந்தைக்குக் கொடுத்தவர்கள் குறைவு. வெற்றி என்று அறிவித்துவிட்டுப் போகாமல் காரணத்தைத் தேடினார்கள். ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை; வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவும் இல்லை. பிறகு கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைச் சந்தித்து விளக்கினார்கள்.

கல்வியிலும் இதே அணுகுமுறைதான். 1985ல் தொடங்கிய ஓரறைப் பள்ளிகளில் ஏறத்தாழ 30 பிள்ளைகள், பெரும்பாலும் பெண் குழந்தைகள். ஆசிரியை உள்ளூர்ப் பெண். ஏழை வீட்டுப் பிள்ளையைத் தடுப்பது எதுவோ, அதை முதலில் நீக்கினார்கள்.

பிராக் வட்டியுடன் நடத்தும் கடன் திட்டங்களை நாம் ஏற்க முடியாது. அதற்காக இந்தப் பாடத்தைத் தள்ளிவிடவும் முடியாது.

ஜகாத்தும் ஸதகாவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். உதவித்தொகை பெற்ற மாணவி படிப்பை முடித்தாரா? முகாமில் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர் ஆறு மாதம் கழித்தும் மருந்து சாப்பிடுகிறாரா? திரும்பிப் போய்க் கேட்போம். அடுத்த ஆண்டறிக்கையில், பதில் கசந்தாலும், அதையே எழுதுவோம். அதற்கான மனத்துணிவை அல்லாஹ் நமக்குத் தருவானாக!