பழகும் செலவை யார் ஏற்பது?

பெரம்பலூரையும் அரியலூரையும் தொழிலில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979 முதல் ஓடுகிறது. அதன் பின்னால் தனியார் ஆலைகள் வரிசையாக வந்துவிட்டன. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. எறையூரில் 2022 நவம்பரில் சிப்காட் பூங்கா திறக்கப்பட்டது. காலணித் தொழில் வந்து சேர்ந்தது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இந்த ஆலைகளில் தேயும் ஷாஃப்டையும் புஷ்ஷையும் புதிதாகக் கடைய வேண்டும். செருப்பின் அடிப்பாகமானாலும் டயரின் பள்ளக்கோடுகளானாலும் அச்சில்தான் பிறக்கின்றன. அந்த அச்சை வெட்டுவது கணினிக் கட்டளையில் ஓடும் சி.என்.சி. எந்திரம். ஆனால் டர்னர், மெஷினிஸ்ட் படித்த நம் பிள்ளைகள் ஓசூருக்கும் ஒரகடத்துக்கும் கோவைக்கும் பஸ் ஏறுகிறார்கள்.

ஊரைவிட்டுப் போவதில் தவறில்லை. போன இடத்திலும் பலர் ஆண்டுக்கணக்கில் ஆப்பரேட்டராகவே நின்றுவிடுவதுதான் கவலை. ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய துண்டை, சக்கில் மாட்டு, கதவை மூடு, சைக்கிள் ஸ்டார்ட்டை அமுக்கு, எடுத்துப் பிசிறு தட்டி அளந்து வை: ஷிப்டு முழுக்க இதே வேலை. அடுத்த படியில் செட்டர் இருக்கிறார். டூல் மாட்டி, அதன் அளவுத் திருத்தமான ஆஃப்செட்டை எடுத்து, முதல் ஜாப்பை அளவுக்குள் கொண்டுவருவது அவர் பொறுப்பு. அதற்கும் மேலே புரோகிராமர். டிராயிங்கைப் படித்து, எந்த டூல் முதலில், எந்த வேகத்தில், எத்தனை வெட்டில் என்று தீர்மானித்து எழுதுகிறவர் அவர். சம்பளமும் மரியாதையும் அந்தப் படிகளில் இருக்கின்றன. படி கண்ணுக்குத் தெரிந்தும் கால் ஏன் ஏறுவதில்லை?

எந்திரத்தின் அருகில் போய்ப் பார்த்தால் காரணம் புரியும். டூலை 50 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வரச் சொல்லி ஒரு வரி எழுதும்போது, 50-க்குப் பின்னால் புள்ளி வைக்க மறந்துவிட்டால், ஃபேனக் கண்ட்ரோலர் பலவற்றில் அது 50 மைக்ரான், அதாவது 0.05 மில்லிமீட்டர் என்றே கொள்ளப்படும். அது வேக நகர்வுக்கான ஜி00 வரியாக இருந்தால், சுற்றிக்கொண்டிருக்கும் ஜாப்பின் மையத்தை நோக்கி, டூல்களைத் தாங்கும் டரட் முழு வேகத்தில் பாயும். வெட்டும் முனையான இன்செர்ட் தெறிக்கும், ஹோல்டர் வளையும், ஸ்பிண்டிலே பழுதாகலாம். அதனால்தான் தொழில் தெரிந்தவர் புதுப் புரோகிராமை ஒரேயடியாக ஓட்டமாட்டார். சிங்கிள் பிளாக்கில் வரி வரியாக, வேக நகர்வான ரேபிடை அடிமட்டத்தில் வைத்து, ஒரு விரலை ஃபீட் ஹோல்டு பட்டன் மேல் வைத்தபடி ஓட்டுவார். முதல் ஜாப்பில் கொஞ்சம் கூடுதல் அளவு விட்டு வெட்டி, மைக்ரோமீட்டரில் பார்த்து, மிச்சத்தை ஆஃப்செட்டில் குறைப்பார். இந்தப் பக்குவம் எந்திரத்தின் முன் நின்றால்தான் வரும். நாலு ஜாப் கெட்டு, சில இன்செர்ட் உடைந்துதான் வரும்.

அந்தக் கெட்ட ஜாப்புக்கும், உடைந்த இன்செர்ட்டுக்கும், எந்திரம் நின்ற நேரத்துக்கும் யார் காசு கொடுப்பது? பட்டறை முதலாளிக்கு எந்திரக் கடனின் மாதத் தவணை கழுத்தில் நிற்கிறது. நிமிடக் கணக்கில் சைக்கிள் டைம் பேசி ஆர்டர் எடுத்தவர் அவர். ஐ.டி.ஐ.யில் எந்திரம் ஒன்றிரண்டு, வரிசையில் நிற்பவர்கள் பலர். பெரிய ஆலைக்குத் தேவை பழகி முடித்த ஆள். நீச்சல் தெரிந்தவன்தான் குளத்தில் இறங்கலாம் என்ற கதையாக, செலவை ஒவ்வொருவரும் அடுத்தவர் பக்கம் தள்ள, கடைசியில் அது பையன் தலையில் விடிகிறது. ஒன்று அவன் பட்டன் அமுக்கியே காலம் தள்ளுகிறான். இல்லையென்றால் ரிஜெக்‌ஷன் தொகை சம்பளத்தில் பிடிபடுகிறது. சைக்கிள் டைம் குறைக்கக் கதவின் பாதுகாப்புப் பூட்டான இன்டர்லாக்கை முடக்கி ஓட்டும் இடங்களில், செலவை அவன் விரல்கள் கொடுக்க நேரிடும்.

பழகும் செலவை ஏற்க ஆள் இருந்த இடத்தில் தொழில் வேர்விட்டது. பெரம்பலூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் திருச்சி பெல் இருக்கிறது. பொதுத்துறையின் செலவில் அங்கே அப்ரன்டிஸ்கள் பழகினார்கள். 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. துவாக்குடியைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகியது அந்த நிழலில்தான். ஜெர்மனி 1969-ல் சட்டமே இயற்றி, ஆலையும் தொழிற்பள்ளியும் சேர்ந்து பயிற்சி தருவதை முறைப்படுத்தியது.

நம்மிடம் சட்டமோ பணமோ இல்லாமல் இல்லை. அப்ரன்டிஸ் சட்டம் 1961-லேயே வந்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். உதவித்தொகையில் மத்திய அரசும் பங்கு தருகிறது. தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ. சேர்வோருக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவ்வளவு இருந்தும் குறைவது, எந்திரத்தின் முன் தவறு செய்து திருத்திக்கொள்ளும் நேரம். அதைத் தனியொருவரால் தர முடியாது. பங்கு போட்டால் எல்லோராலும் முடியும்.

ஆலைகள் தேய்ந்து கழித்த ஷாஃப்டையும் பழைய டிராயிங்கையும் ஐ.டி.ஐ.க்குக் கொடுக்கலாம்; பாடப் புத்தகத்துப் பயிற்சிகளைவிட அவற்றில் கற்பது அதிகம். ஐ.டி.ஐ. எந்திரங்கள் மாலையோடு உறங்க வேண்டியதில்லை. வேலையில் இருக்கும் ஆப்பரேட்டர்களுக்கு மாலையிலும் ஞாயிறிலும் அவற்றைத் திறந்துவிடலாம். பட்டறை முதலாளிகள் வாரத்தில் அரை ஷிப்டாவது பையனைச் செட்டர் பக்கத்தில் நிறுத்தட்டும். பழகும்போது கெட்ட ஜாப்புக்குச் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு சிறு பங்கை மாவட்டத் தொழில் மையத்தின் மேற்பார்வையில் பொது நிதியாக வைத்து, பழகுநரால் சிறு பட்டறைக்கு வரும் சேதத்தை ஒரு வரம்புவரை அதிலிருந்து ஈடுகட்டலாம்.

தொழிலாளர் பக்கமும் கடமை உண்டு. ஆள் வந்தால் திரையை மாற்றிவிடுவது, ஆஃப்செட் போடும்போது பையனை டீ வாங்க அனுப்புவது என்று தெரிந்ததை ஒளிக்கும் சீனியர்கள் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறார்கள். தன் இடம் போய்விடும் என்ற பயம் அது. கற்றுக்கொடுக்கும் செட்டருக்குத் தனிப்படி கொடுத்தால் அந்தப் பயம் பாதி தீரும். பள்ளி ஆசிரியர்கள் பத்தாம் வகுப்பு முக்கோணவியலை நடத்தும்போது, டேப்பர் கடையும் கோணத்துக்கு அதே டேன் கணக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். பெற்றோர் ஐ.டி.ஐ.யைத் தோற்றவர்கள் சேரும் இடமாகப் பார்ப்பதை விடட்டும். பெண் பிள்ளைகளையும் அனுப்பட்டும். இந்த வேலைக்கு வேண்டியது புஜபலத்தைவிடக் கவனம்.

“பழக்கிவிட்டால் அடுத்த மாதமே அதிகச் சம்பளத்துக்கு ஓடிவிடுவான்” என்பது முதலாளிகளின் நியாயமான ஆதங்கம். ஒருவர் மட்டும் பழக்கினால் அவருக்கு நஷ்டம்தான். எல்லோரும் பழக்கினால், ஒரு பட்டறை இழந்த ஆள் இன்னொரு பட்டறைக்கு வரவு. ஆள் மாவட்டத்துக்குள்ளேயே இருப்பான். பழக்காத பட்டறையிலிருந்தும் பையன்கள் ஓடத்தான் செய்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மேலே ஏற வழி தெரிந்தவனுக்கு ஓட அவசரம் இருக்காது.

சுண்ணாம்புக்கல்லுக்கும் ஆலைக்கும் நிலம் கொடுத்த ஊர்கள் இவை. அங்கே வரும் எந்திரத்தின் பட்டனை அமுக்குவதோடு நம் பிள்ளைகளின் பங்கு முடிந்துவிடக் கூடாது. ஐ.டி.ஐ. சேர்க்கை அடுத்துத் தொடங்குமுன், இரு மாவட்ட ஆட்சியர்களும் ஆலை நிர்வாகிகள், பட்டறை உரிமையாளர்கள், பயிற்றுநர்கள், தொழிற்சங்கத்தினரை ஒரே மேசையில் உட்கார வைக்கட்டும். ‘பழகும் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு?’ என்று ஒவ்வொருவரையும் கேட்டு, சொன்னதை எழுதி வாங்கட்டும்.