மாமா பையனும் உள்வாடகையும்

மக்களே, ஆபீஸ்ல ஆறு மாசம் புனே போகச் சொல்லிட்டாங்க. காளவாசல் வீட்டை விட மனசில்லை. பைபாஸ் ரோட்டுல இருந்து நாலு தெரு தள்ளி, தண்ணிப் பிரச்சனை இல்லாத வீடு, லேசுல கிடைக்குமா? அதுவரைக்கும் யாரையாவது வைக்கலாம்னு டீக்கடையில வாயைத் திறந்தேன். உடனே யோசனை வந்துச்சு: "ஓனர்கிட்ட எதுக்குடா சொல்ற? மாமா பையன்னு சொல்லி விட்ரு. நீ எட்டாயிரம் கொடுக்குற, பத்துக்கு விடு."

இந்த 'மாமா பையன்' டெக்னிக் மேல எனக்குத் தனிக் கடுப்பு. ஏன்னா நானே ஒரு காலத்துல மாமா பையனா இருந்தவன். படிப்பு முடிச்சு சென்னை போன புதுசு. வேளச்சேரியில ஒருத்தர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுல, அவர்கிட்ட முப்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துத் தங்கினேன். பத்திரம் கிடையாது, ரசீது கிடையாது. நாலாம் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பெரியவர் கதவைத் தட்டி, "தம்பி, நீங்க யாரு?"ன்னார். நான் கொடுத்த வாடகை அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒரே வாரத்துல வெளிய வந்தேன். முப்பதாயிரம் போனது போனதுதான்.

"ஓனருக்கு என்ன நஷ்டம்?"னு கேக்குறவங்களுக்கு என் பதில் இதான். ஓனர் கையில உங்க அட்வான்ஸ் இருக்கு. உங்க கையில பத்திரம் இருக்கு. உள்ள வந்து மாட்டுறவன்கிட்ட துண்டுச் சீட்டு கூட இல்லை.

சட்டமும் தெளிவாத்தான் இருக்கு (தூங்கிடாதீங்க). பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துலயே, ஓனரோட எழுத்துச் சம்மதம் இல்லாம உள்வாடகைக்கு விட்டா காலி பண்ண வைக்கலாம். அதுக்குப் பதிலா வந்த 2017-ஆம் வருஷச் சட்டம், 2019 பிப்ரவரியில அமலாச்சு. அதுபடி ஏற்கெனவே இருக்கிற ஒப்பந்தத்தோட ஒரு துணை ஒப்பந்தம் போட்டாத்தான் உள்வாடகை செல்லும். 1882 சொத்து மாற்றச் சட்டம் 108-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேல: உள்வாடகைக்கு விட்டுட்டதால மட்டும் நம்ம பொறுப்பு கழியாது. அவன் வாடகை தரலைன்னாலும், சுவத்தைப் பேத்தாலும் ஓனருக்குப் பதில் சொல்ல வேண்டியது நாமதான்.

நம்மூர் ஒத்தி வீட்டுல கதை இன்னும் மோசம். ஒத்திக்கு எடுத்த வீட்டை ஓனருக்குத் தெரியாம மாச வாடகைக்கு விடுவாய்ங்க. ஒத்திப் பணம் கைக்கு வந்ததும் இவர் கிளம்பிடுவார். உள்ள இருக்கிற குடும்பம், பிள்ளைக பரீட்சை நேரத்துல, வீடு தேடி அலையணும்.

"கேட்டா மாட்டேன்னுதானய்யா சொல்வாங்க!" வாஸ்தவம். பேச்சிலரா, கறி சமைப்பீங்களா, நீங்க என்ன ஆளுகன்னு துருவுற ஓனர்கள் மேல எனக்கும் கோவம் இருக்கு. அதை அவங்ககிட்ட காட்டுவோம். ஊருக்குப் புதுசா வர்ற பையன் தலையில ஏன் இறக்கணும்? அதுலயும் மாசம் ரெண்டாயிரம் லாபம் வேற!

நேத்து ஓனரம்மாவுக்கு போன் பண்ணிட்டேன். வர்றவர் எங்க வேலை பாக்குறார்னு சொன்னேன். அதே எட்டாயிரம்தான், அட்வான்ஸ் என் கைக்கு வர வேண்டாம், மூணு பேரும் உக்காந்து எழுதிக்குவோம்னேன். "ஞாயித்துக்கிழமை சொல்றேன் தம்பி"ன்னாங்க. குரல்ல அவ்வளவு உற்சாகம் இல்லை.

மாட்டேன்னா காலி பண்றேன். அப்படி ஆச்சுன்னா ஒரு கட்டிலும் பீரோவும் விலைக்கு இருக்கு. காளவாசல் பக்கம் இருக்கிறவங்க சொல்லுங்க, பீரோ சாவி மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும்.