'ஆம்' என்றால் என்ன?

1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்பைப் பற்றி மூத்தம்மாவிடம் கேட்டேன். "விளக்கா, குடமா எண்டு கேட்டாங்க, புள்ளடி போட்டோம் மகள்" என்றார். கேள்வி அவருக்கு நினைவில்லை. பொதுத் தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை 6 வருடம் நீடிப்பதா என்பதே கேள்வி. விளக்கு 'ஆம்', குடம் 'இல்லை'. விளக்கு வென்றது.

சின்னம் இல்லாத இடத்திலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2016 நவம்பரில் மாநிலப் பிரேரணைகள் மட்டும் 17. அவற்றில் 67ஆவது, பிளாஸ்டிக் பைத் தடைச் சட்டம் பற்றியது. அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தவர்கள் தடையை எதிர்த்த பை உற்பத்தியாளர்கள். ஆனால் 'ஆம்' என்றால் தடை நிலைக்கும், 'இல்லை' என்றால் நீங்கும்! நானென்றால் மாற்றித்தான் போட்டிருப்பேன்.

அதற்காகவே அங்கு அரசு வாக்காளர் வீடுகளுக்குக் கையேடு அனுப்புகிறது. 'ஆம்' என்றால் என்ன நடக்கும், 'இல்லை' என்றால் என்ன, அரசுக்குச் செலவு எவ்வளவு, இரு தரப்பு வாதங்கள் எல்லாம் அதில் உண்டு. அவ்வருடம் 224 பக்கங்கள். (எங்கள் வரலாற்றுப் புத்தகம் தோற்றுவிடும்.)

அடுத்த வருடம் எனக்கும் வாக்குரிமை. இங்கே இன்னொரு சர்வசன வாக்கெடுப்பு வந்தால், இப்படியொரு கையேடு ஒரு மாதமாவது முன்னதாகத் தமிழிலும் சிங்களத்திலும் வீட்டுக்கு வரவேண்டும். மூத்தம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டுவேன்.